செய்யாத குற்றத்தை நம் மேல் சுமத்தினால்? தென்னாப்பிரிக்காவில் அவதூறு வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று நம்மவர்கள் இருக்கும் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பாதுகாப்புக்காக ஆரம்பித்தது, நல்ல விஷயம்தான். ஆனால் அதே குரூப்பில் யாரோ ஒருவர் "இவன்தான் திருடன்" என்று ஒரு போட்டோவைப் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் அது ஊர் முழுக்கப் போய்விடுகிறது. பிறகு பொய் என்று தெரிந்தாலும் அதைத் துரத்திப் போய்த் திருத்துபவர் யாரும் இல்லை. 2021 ஜூலை கலவரத்தின்போது சரிபார்க்காத செய்திகள் எவ்வளவு பயத்தைக் கிளப்பின என்று டர்பனில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. டர்பனில் ஓர் அட்டர்னி ஆபீசில் பல வருடம் கிளார்க்காக இருந்து இந்த மாதிரி ஃபைல்களைக் கையாண்டவன். முடிவெடுக்கும் முன் உங்கள் காகிதங்களோடு ஒரு அட்டர்னியைப் பார்த்துவிடுங்கள்.

என்னைத் திருடன் என்று நாலு பேர் முன்னால் சொன்னார்கள். கேஸ் போட முடியுமா?

முடியும். அந்த வார்த்தை சொல்லப்பட்டது, அது உங்களைப் பற்றியது, உங்களைத் தவிர இன்னொருவர் காதில் விழுந்தது அல்லது கண்ணில் பட்டது, சாதாரணமாக யோசிக்கும் ஒருவர் அதைக் கேட்டால் உங்கள் மேல் வைத்திருந்த மதிப்பு குறையும். இவ்வளவுதான் நீங்கள் காட்ட வேண்டியது. குற்றம் செய்தவர் என்று சொன்னால் மதிப்பு குறையத்தான் செய்யும், அதில் பெரிய வாதம் வராது.

இதைக் காட்டிவிட்டால் பாரம் மறுபக்கம் போய்விடும். கெட்ட நோக்கத்தோடுதான் சொன்னார், சட்டத்துக்கு மாறாகத்தான் சொன்னார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது சொன்னவர் பொறுப்பு. நிறைய பேர் "நான் திருடவில்லை என்று எப்படி நிரூபிப்பேன்?" என்று கேட்டுத் தூக்கம் இல்லாமல் அலைகிறார்கள். நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அரசியல்வாதி பாண்டு ஹோலோமிசா வங்கிக் கொள்ளைக் கும்பலோடு சம்பந்தப்பட்டவர் என்று ஒரு பத்திரிகை எழுதியபோது அவர் வழக்குப் போட்டார். செய்தி பொய் என்று அவர்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பத்திரிகைத் தரப்பு அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போய் வாதாடியது. 2002ல் கோர்ட் அதை ஏற்கவில்லை. உண்மை என்று சொல்கிறவர்தான் உண்மையைக் காட்ட வேண்டும்.

வாயால் சொன்னதுக்கும் எழுதினதுக்கும் வித்தியாசம் உண்டா?

இந்த நாட்டில் கிடையாது. இங்கே இருப்பது ரோமன்-டச்சு சட்ட மரபு. சந்தையில் கத்தினாலும், வாய்ஸ் நோட் அனுப்பினாலும், ஃபேஸ்புக்கில் எழுதினாலும் எல்லாம் ஒரே வகை வழக்குதான். பேச்சுக்கு ஆதாரம் பிடிப்பதுதான் கஷ்டம்.

என் முகத்துக்கு நேராக, என்னிடம் மட்டும் சொன்னார். அப்போது?

மூன்றாவது ஆள் கேட்காவிட்டால் அது அவதூறு ஆகாது. ஆனால் கௌரவத்தைப் புண்படுத்தியதற்கு இழப்பீடு கேட்டுத் தனியாக சிவில் வழக்கு போடலாம். வார்த்தை ரொம்ப மோசமாக இருந்தால், முக்கியமாக இனத்தைச் சொல்லித் திட்டியிருந்தால், கிரிமென் இன்ஜூரியா என்ற குற்றப் புகாரைப் போலீசிலேயே கொடுக்கலாம்.

நான் எழுதவில்லை, வந்ததை அப்படியே ஃபார்வர்ட் பண்ணினேன் என்கிறார். தப்பித்துவிடுவாரா?

மாட்டார். ஒரு பொய்யைத் திருப்பிச் சொல்கிறவரும் அதை வெளியிட்டவர்தான். மேலே "ஃபார்வர்டட் அஸ் ரிசீவ்ட்" என்று போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். அப்படி ஒரு பாதுகாப்பு இல்லவே இல்லை. 2013ல் பிரிட்டோரியா ஹைகோர்ட்டில் ஒரு ஃபேஸ்புக் வழக்கு நடந்தது. அதில் கணவர் ஒரு வரிகூட எழுதவில்லை, எழுதியதெல்லாம் மனைவி. ஆனால் தன் பெயர் அந்தப் பதிவுகளில் டேக் ஆகியிருப்பது தெரிந்தும் அவர் விலகிக்கொள்ளாமல் இருந்தார். அவரும் பொறுப்பு என்றது கோர்ட். இருவரும் சேர்ந்து 40,000 ரேண்ட் இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் பெயரை யாராவது இப்படி ஒரு பதிவில் இழுத்துவிட்டால் அன்றைக்கே டேக்கை எடுத்துவிடுங்கள்.

என் பெயரைச் சொல்லவில்லை, "கோயில் கமிட்டி ஆட்கள் பணத்தைத் தின்றுவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னார்.

கமிட்டியில் ஏழெட்டுப் பேர்தான், எல்லோருக்கும் அவர்கள் யார் என்று தெரியும் என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போடலாம். "இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் திருடர்கள்" மாதிரி பெரிய கூட்டத்தைச் சொன்னால் முடியாது.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, காவடி வசூல் கணக்கு இடிக்கிறதே, பொருளாளர் பதில் சொல்லட்டும் என்று கேட்டால், அதை எளிதில் அவதூறு என்று சொல்ல முடியாது. கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது, கேட்பவர்களுக்கும் அதில் அக்கறை இருக்கிறது; சட்டம் அதைப் பாதுகாக்கிறது. கணக்கைக் காட்டாமல் வக்கீல் நோட்டீஸைக் காட்டி வாயடைக்கப் பார்க்கும் கமிட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக்கூடாது. அதே ஆள் வெளியே வந்து, சம்பந்தமே இல்லாத இருநூறு பேர் இருக்கும் குரூப்பில் "பொருளாளர் திருடன்" என்று எழுதினால் கதை வேறு.

அவர் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால்?

உண்மை மட்டும் போதாது, சொன்னதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். யாருக்கும் பயன் இல்லாமல், பழைய விவகாரத்தைக் கிளறிக் கேவலப்படுத்துவதற்காகவே சொன்னால் உண்மையாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளலாம்.

பழைய தண்டனை பற்றிக் கேட்பவர்களுக்கு ராபர்ட் மெக்பிரைட் வழக்கைச் சொல்வேன், டர்பன்காரர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. 1986 ஜூனில் கடற்கரைப் பக்கம் மகூஸ் பாரில் அவர் வைத்த குண்டில் 3 பேர் இறந்தார்கள். அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, பின்னால் நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை ஆணையம் பொதுமன்னிப்பு கொடுத்தது. 2003ல் ஒரு பத்திரிகை அவரைக் கொலைகாரர் என்று எழுதியதும் அவர் வழக்குப் போட்டார். பொதுமன்னிப்பு தண்டனைப் பதிவை அழிக்கும், நடந்த சம்பவத்தை அழிக்காது, ஆகவே அந்த வார்த்தை நியாயமான கருத்துக்குள் வரும் என்று 2011ல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஆனால் அவர் வருத்தப்படவே இல்லை என்று எழுதியது பொய் என்று சொல்லி, அதற்கு மட்டும் 50,000 ரேண்ட் கொடுக்கச் சொன்னது.

என் மேல் போலீசில் பொய்க் கேஸ் கொடுத்தார். அதுதானே பெரிய அவதூறு?

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

போலீசில் புகார் கொடுப்பது பாதுகாக்கப்பட்ட செயல். சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தவர், அது தவறாகவே போனாலும், நேர்மையாக நம்பிக் கொடுத்திருந்தால் அவர் மேல் அவதூறு வழக்கு நிற்காது. நிற்கவும் கூடாது. இல்லாவிட்டால் பயந்துகொண்டு யாரும் எதையும் புகார் செய்யமாட்டார்கள். ஆனால் பொய் என்று தெரிந்தே, பழிவாங்கக் கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதைக் காட்டுவது இப்போது உங்கள் பாரம்.

இதைவிட உங்களுக்குப் பொருத்தமானது பெரும்பாலும் வேறு வழக்கு: கெட்ட எண்ணத்தோடு குற்ற வழக்கில் மாட்டிவிட்டதற்கான வழக்கு. அதற்கு நாலு விஷயம் வேண்டும். வழக்கைத் தூண்டிவிட்டவர் அவர்தான், அதற்கு நியாயமான காரணம் இல்லை, கெட்ட எண்ணம் இருந்தது, கடைசியில் வழக்கு தோற்றுப்போனது. கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். உங்கள் மேல் உள்ள குற்ற வழக்கு முடியாமல் இதைத் தொடங்க முடியாது. முதல் விஷயமும் லேசானது இல்லை. தெரிந்ததைப் போலீசிடம் சொல்லிவிட்டு நகர்ந்தவரை, தூண்டிவிட்டவர் என்று கோர்ட் சுலபத்தில் சொல்லாது. பொய்ச் சாட்சியைத் தயார் செய்தார், விடாமல் பின்னால் நின்று தள்ளினார் என்பது மாதிரி ஏதாவது இருக்க வேண்டும்.

அப்புறம், போலீசில் கொடுக்கும் வாக்குமூலம் சத்தியம் செய்து கொடுக்கும் அஃபிடவிட். தெரிந்தே பொய் எழுதியிருந்தால் அதுவே தனிக் குற்றம். அதற்கு நீங்கள் எதிர்ப்புகார் கொடுக்கலாம், ஆனால் உங்கள் கேஸ் நடந்துகொண்டிருக்கும்போது அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள், உங்கள் வக்கீல் சொல்லும் நேரத்தில் கொடுங்கள்.

போலீசே காரணமில்லாமல் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்றால் அரசு மேல் தனி வழக்கு. அதற்கு முதலில் 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். இந்த 6 மாதத்தைக் கோட்டைவிட்டுவிட்டு வந்து அழுதவர்கள் நிறைய.

வேலை செய்யும் இடத்தில் திருட்டுப் பட்டம் கட்டி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

முதலில் சிசிஎம்ஏ, அதாவது வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையம். நிறுத்திய நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும், கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே தொடங்கலாம். அவதூறு வழக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நேரம் இருக்கிறது. விசாரணை அறைக்குள் மேனேஜர் சொன்னது பெரும்பாலும் பாதுகாப்புக்குள் வரும். வாடிக்கையாளர்களிடமும், அடுத்து வேலை கொடுக்க இருந்தவரிடமும் பொய்யாகச் சொன்னாரா என்று பாருங்கள்.

அவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா?

அவதூறுக்காக முடியாது. இந்தியாவில் இன்றும் அது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் 2 வருடம் வரை சிறை இருக்கிறது. அதனால் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் "உள்ளே தள்ளிவிடு" என்று ஆலோசனை சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவில் அவதூறு என்ற குற்றம் 2024 ஏப்ரலில் சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. இனி சிவில் வழக்கு மட்டும்தான்.

ஆனால் "இவன் வீட்டைக் கொளுத்துங்கள்", "கண்ட இடத்தில் அடியுங்கள்" என்று மெசேஜ் போட்டால் அது வேறு. 2020ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டத்தில் வன்முறையைத் தூண்டும் மெசேஜும் மிரட்டல் மெசேஜும் குற்றம், அந்தப் பிரிவுகள் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போங்கள்.

என்னைச் சூனியக்காரி என்று சொல்லிப் பரப்புகிறார்கள். இது இதில் வருமா?

வரும், அதற்கு மேலும் வரும். 1957ஆம் ஆண்டு சூனியத் தடுப்புச் சட்டப்படி, ஒருவரைக் காட்டி இவர்தான் சூனியம் வைத்தார், இவரால்தான் நோய் வந்தது என்று சொல்வதே குற்றம். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. குடும்பச் சண்டையில் ஒரு விதவை மேலோ மருமகள் மேலோ இப்படிச் சொல்லிவிட்டு அதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் போலீசுக்குப் போகலாம், சிவில் வழக்கும் போடலாம்.

எந்தக் கோர்ட்டில் போட வேண்டும்? ஸ்மால் கிளெய்ம்ஸ் போதாதா?

ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் அவதூறு வழக்கை எடுக்காது, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. 200,000 ரேண்ட் வரை மாவட்ட மாஜிஸ்ட்ரேட் கோர்ட், அதற்கு மேல் 400,000 வரை ரீஜினல் கோர்ட், அதற்கும் மேல் ஹைகோர்ட். பெரிய தொகை போட்டால் பெரிய மனுஷத்தனம் என்று நினைத்து ஹைகோர்ட்டுக்கு ஓடாதீர்கள். அங்கே செலவு பல மடங்கு, கடைசியில் சின்னத் தொகை கிடைத்தால் கீழ்க் கோர்ட் கணக்கில்தான் செலவு தருவேன் என்று நீதிபதி சொல்லிவிடலாம்.

எவ்வளவு பணம் கிடைக்கும்?

தமிழ் சினிமாவில் வருவது மாதிரி கோடிக்கணக்கில் இல்லை. மெக்பிரைட் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஹைகோர்ட் 200,000 ரேண்ட் கொடுத்தது, மேல்முறையீட்டில் 150,000 ஆனது, கடைசியில் 50,000. அதே 2011ல் மாணவர்கள் தன் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டிப் பரப்பியதற்கு வழக்குப் போட்ட ஒரு பள்ளித் துணை முதல்வருக்குக் கிடைத்த 45,000 ரேண்டை அரசியலமைப்பு நீதிமன்றம் 25,000 ஆகக் குறைத்து, கூடவே மன்னிப்பும் கேட்கச் சொன்னது. முன்னாள் நிதியமைச்சர் ட்ரெவர் மானுவல் மேல் ஊழல் குற்றம் சுமத்திய ஈஎஃப்எஃப் கட்சி 500,000 ரேண்ட் தர வேண்டும் என்று 2019ல் ஹைகோர்ட் சொன்னது பெரிய செய்தியானது. 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவதூறுதான் என்று உறுதி செய்தது, ஆனால் தொகையை ரத்து செய்து, சாட்சி விசாரித்து முடிவு பண்ணச் சொன்னது.

எத்தனை பேரிடம் போனது, எவ்வளவு மோசமான குற்றச்சாட்டு, சொன்னவர் மன்னிப்புக் கேட்டாரா, பிடிவாதமாகத் திரும்பச் சொன்னாரா என்பதையெல்லாம் பார்த்துத்தான் தொகை போடுவார்கள். வியாபாரம் படுத்துவிட்டது, காண்ட்ராக்ட் போய்விட்டது என்று கணக்கோடு காட்ட முடிந்தால் அந்த நஷ்டத்தைத் தனியாகக் கேட்கலாம்.

செலவு?

இது கசப்பான பதில். ஒரு வழக்கு விசாரணை வரைக்கும் போனால் கிடைக்கும் தொகையைவிடச் செலவு அதிகமாகலாம். ஜெயித்தால் எதிராளி உங்கள் செலவில் ஒரு பகுதியைத்தான் கட்டுவார், முழுவதும் வராது. தோற்றால் அவர் செலவும் உங்கள் தலையில். ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் என்று ஒப்பந்தம் போடும் அட்டர்னிகள் உண்டு, அதற்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, கிடைக்கும் பணத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வெற்றிக் கட்டணமாக எடுக்க முடியாது. எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதிராளியிடம் ஒன்றுமே இல்லை, வீடு வாடகை, வேலை கிடையாது என்றால் தீர்ப்புக் காகிதம்தான் மிஞ்சும். அப்படிப்பட்டவர் மேல் பணம் கேட்டு வழக்குப் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எவ்வளவு நாளுக்குள் போட வேண்டும்?

3 வருடம். அவதூறும் அதைச் சொன்னவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. லெட்டர் அனுப்பினால் மட்டும் கடிகாரம் நிற்காது, சம்மன்ஸ் எதிராளி கையில் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆதாரமாக என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறிவிடாதீர்கள்! நிறைய பேர் முதலில் செய்யும் தப்பு இதுதான். முதலில் தேதி, நேரம், அனுப்பியவர் நம்பர், குரூப் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி இமெயிலுக்கு அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள், வாய்ஸ் நோட்டைத் தனியாகச் சேமியுங்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வீசாதீர்கள். மின்னணுச் செய்தி என்பதற்காகவே ஆதாரத்தைத் தள்ளக்கூடாது என்று 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது உண்மையான மெசேஜ்தான் என்று காட்ட வேண்டியது நீங்கள்.

வாயால் சொன்னது என்றால் கேட்டவர்களிடம் அந்த வாரத்திலேயே பேசி, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து "ஏதோ தப்பாச் சொன்னாங்க" என்பார்கள், அது கோர்ட்டில் நிற்காது. அக்கம்பக்கத்து ஆன்ட்டி சாட்சி சொல்ல வரமாட்டேன் என்று பின்வாங்குவதும் நடக்கும், அவர் இங்கேயே வாழ வேண்டியவர், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நீங்கள் பங்கெடுக்கும் பேச்சை நீங்களே ரெக்கார்ட் செய்ய ரிகா என்ற ஒட்டுக்கேட்பு பற்றிய சட்டம் அனுமதிக்கிறது. இன்னொருவர் போனை ஒட்டுக் கேட்பது குற்றம்.

எனக்குப் பணம் வேண்டாம். இப்போதே நிறுத்த வேண்டும்.

இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். அட்டர்னி லெட்டர் ஒன்று போனாலே பாதிப் பேர் பதிவை எடுத்துவிடுவார்கள். கேட்காவிட்டால் கோர்ட்டில் இன்டர்டிக்ட், அதாவது தடை உத்தரவு கேட்கலாம். முன்னாள் அமைச்சர் டெரிக் ஹானெகொமை "எல்லோருக்கும் தெரிந்த எதிரி ஏஜென்ட்" என்று ஜேக்கப் ஜூமா ட்விட்டரில் எழுதியபோது, 2019 செப்டம்பரில் நம் டர்பன் ஹைகோர்ட்டில் நீதிபதி தயா பிள்ளை அதை அவதூறு என்று தீர்ப்பளித்து, பதிவை 24 மணி நேரத்துக்குள் எடுத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். முன்னாள் ஜனாதிபதிக்கே அதுதான் சட்டம்.

திரும்பத் திரும்ப மெசேஜ், போன், வாசலில் வந்து கத்துவது என்று தொடர்ந்தால் 2011ஆம் ஆண்டு தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட் கிளார்க்கிடம் போய் நீங்களே ஃபார்ம் எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால் 5 வருடம் வரை சிறை.

இறந்துபோன என் அப்பாவைக் கொலைகாரர் என்கிறார்கள்.

இறந்தவர் பெயரில் அவதூறு வழக்கு போட முடியாது. அந்தப் பேச்சு உயிரோடு இருக்கும் உங்களையும் சேர்த்துக் குற்றம் சொல்கிறதா என்று பாருங்கள், அப்படியானால் உங்களுக்கு வழக்கு உண்டு.

ஒரு பெண் என் மேல் பாலியல் புகார் சொல்லியிருக்கிறாள். பொய். உடனே வழக்குப் போடட்டுமா?

அவள் போலீசிடமோ, பாதுகாப்பு உத்தரவு கேட்டுக் கோர்ட்டிலோ சொல்லியிருந்தால் அந்த வழி முடியும்வரை பொறுங்கள், உங்கள் குற்ற வழக்கு வக்கீல் சொல்வதை மட்டும் கேளுங்கள். உண்மையாகவே பாதிக்கப்பட்ட பெண்களை வக்கீல் லெட்டர் காட்டி மிரட்டிய குடும்பங்களும் நம் சமூகத்தில் இருக்கின்றன, அது மன்னிக்க முடியாதது. ஃபேஸ்புக்கில் போட்டோவோடு போட்டிருக்கிறாள், நிஜமாகவே பொய் என்றால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். ஆனால் பதிலுக்கு நீங்கள் அவளைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டால் எதிர் வழக்கு வரும்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

என்னைக் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் வாசகத்தை உங்கள் அட்டர்னி எழுதட்டும். "யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்பது மன்னிப்பு இல்லை. நான் இன்ன தேதியில் இன்னாரைப் பற்றி இப்படிச் சொன்னேன், அது பொய், அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை, திரும்பப் பெறுகிறேன் என்று இருக்க வேண்டும். எந்த குரூப்பில் பொய் போனதோ அதே குரூப்பில் வர வேண்டும், வாய்ஸ் நோட்டில் சொன்னவர் வாய்ஸ் நோட்டிலேயே சொல்ல வேண்டும். அதோடு உங்கள் வக்கீல் செலவையும் அவர் ஏற்றுக்கொண்டால் நல்ல முடிவு. உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் பேச்சை நிறுத்துவது இந்த மெசேஜ்தான், மூன்று வருடம் கழித்து வரும் செக் இல்லை.

சொன்னது நான்தான். ஷெரிஃப் சம்மன்ஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

மேசை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள். எதிர்த்து வாதாடப் போவதாக நோட்டீஸ் கொடுக்க 10 கோர்ட் நாள்தான் இருக்கிறது, சனி ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேராது. விட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு ஆகிவிடும். பதிவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், வழக்கில் உங்களுக்கும் அது தேவைப்படும். வழக்குப் போட்டவருக்கோ அவர் வீட்டுக்கோ நீங்களாகப் போன் பண்ணாதீர்கள். சம்மன்ஸை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு அட்டர்னியிடம் போங்கள்.